பள்ளிகளில் துப்பாக்கிப் பாதுகாப்புக் கல்வி (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பொதுப் பள்ளிகளில், துப்பாக்கியால் விபத்து நேராதிருக்க மாணவருக்குக் கற்பிக்கப்படும் பாடங்களும் பயிற்சிகளும் இத்தலைப்பில் அடங்கும். இவை மூன்று கிளைகளாக வளர்ந்தவை. குறிசுடும் பயிற்சியோடு சேர்த்துச் சொல்லித்தரப்பட்ட ஒழுங்குகள் முதலாவது. வேட்டை உரிமம் பெறுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு இரண்டாவது. துப்பாக்கி கண்ணில் பட்டால் தொடாமல் விலகிப்போகும்படி சிறு குழந்தைகளுக்குச் சொல்லும் பாடம் மூன்றாவது. இன்று இத்தலைப்பில் பேசப்படுவது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். முதல் இரண்டிலும் மாணவரின் கையில் துப்பாக்கி இருக்கும். மூன்றாவதில் இருக்கவே கூடாது. ஆனால் ஒன்று வந்ததும் மற்றொன்று மறைந்துவிடவில்லை. ஒரே மாவட்டத்தில் மூன்றும் அருகருகே நடப்பதும் உண்டு.

கல்வி அங்கே மாநிலங்களின் பொறுப்பு. ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் தத்தம் பாடங்களைப் பெருமளவு தாமே முடிவு செய்கின்றன. ஆகவே இப்பாடத்துக்கு நாடு தழுவிய பாடத்திட்டம் என ஒன்று அமையவில்லை. இதன் வரலாற்றுக்குச் சான்றாக இருப்பவை பெரும்பாலும் பாடத்தை நடத்தியவர்கள் எழுதியவை, இல்லையேல் எதிர்த்தவர்கள் எழுதியவை. படிப்பவர் அதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நியூயார்க் நகரப் பள்ளிகள்

பள்ளிச் சிறுவருக்கு ஒழுங்குமுறையோடு துப்பாக்கிப் பயிற்சி தரும் முயற்சிகளில் நன்கு பதிவானது நியூயார்க் நகரில் நடந்தது. அதன் மையத்தில் இருந்தவர் ஜார்ஜ் விங்கேட். உள்நாட்டுப் போரில் பங்கேற்றவர், 1871இல் தேசிய ரைஃபிள் சங்கத்தை (என்.ஆர்.ஏ.) நிறுவிய இருவரில் ஒருவர், மற்றவர் பத்திரிகையாளர் வில்லியம் சர்ச். படைவீரர்களுக்கு அணிவகுக்கத் தெரிகிறது, குறிபார்க்கத் தெரியவில்லை என்பது விங்கேட்டின் நெடுநாள் குறை. 1903இல் உடற்கல்வியாளர் லூதர் குலிக் முதலானோருடன் சேர்ந்து நகரின் பொதுப் பள்ளிகள் தடகளக் கழகத்தைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். அதன் தலைவராகவும் இருந்தார். ஓட்டம், தாண்டுதல், கூடைப்பந்து ஆகியவற்றோடு ரைஃபிள் சுடுதலும் உயர்நிலைப் பள்ளிகளுக்கிடையிலான போட்டியாகச் சேர்ந்தது இப்படித்தான். பின்னாளில் புரூக்ளினில் ஒரு பொது உயர்நிலைப் பள்ளிக்கு விங்கேட்டின் பெயர் வைக்கப்பட்டது.

நெருக்கமான நகரத்தில் தோட்டாவை எங்கே சுடுவது? இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடை, இவ்வரலாற்றில் சற்று நின்று பார்க்கத்தக்க ஒரு பொறி. 'சப்-டார்கெட்' என்று அதற்குப் பெயர். உண்மையான படைத்துறை ரைஃபிளை ஒரு தாங்கியில் பொருத்தி, அதன் அசைவுகள் அனைத்தையும் கம்பிகள் வழியாக ஓர் ஊசிக்குக் கடத்தினார்கள். ஊசிக்கு எதிரே, தொலைவிலுள்ள இலக்கின் சிறு நகலாக ஓர் அட்டை. மாணவர் பெரிய இலக்கைக் குறிபார்த்து விசையை இழுத்ததும், ஊசி சிற்றட்டையில் ஒரு துளை இடும். உண்மையில் சுட்டிருந்தால் தோட்டா எங்கே பட்டிருக்குமோ அங்கே அந்தத் துளை இருக்கும். சத்தம், புகை, தோட்டா எதுவும் இல்லை. பள்ளியின் கூடத்திலேயே பயிற்சி நடத்தலாம். தவறினால் அட்டைக்குத்தான் காயம். ஆயிரக்கணக்கான சிறுவர் ரைஃபிளைக் கையாளவும், அதே வேளையில் யாரும் காயப்படாதிருக்கவும் இக்கருவி வழிசெய்தது.

அப்போது குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் இம்முயற்சியை வெளிப்படையாக ஆதரித்தார். பெரிய பொதுப் பள்ளிகளில் சுடும் கூடங்கள் அமைய வேண்டும் என்று 1906 டிசம்பரில் காங்கிரசுக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தியில் கேட்டுக்கொண்டார். நகரப் பள்ளிகளில் சிறந்த குறியாளராக வந்த மாணவருக்குப் பாராட்டுக் கடிதமும் அனுப்பினார். மறுபுறம், 1908இல் ஃபேனி ஃபெர்ன் ஆண்ட்ரூஸ் தொடங்கிய அமெரிக்கப் பள்ளிச் சமாதானக் கழகம் போன்றவை, வகுப்பறையில் அமைதியைக் கற்பிக்க வேண்டும் என்ற எதிர்க்குரலை வளர்த்தன. பள்ளியில் துப்பாக்கி பற்றிய வாக்குவாதம் அண்மைக்காலத்தது என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கலாம்.

அக்காலப் பயிற்சியின் நோக்கம் பாதுகாப்பு அன்று. நாட்டின் காப்புக்குக் குறியாளரை உருவாக்குவதே. குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி வைப்பது, சுடும் கணம் வரை விசையில் விரல் வைக்காதிருப்பது, ஆணை வரும்வரை தோட்டா இடாதிருப்பது ஆகியவை சுடும் களத்தின் ஒழுங்காகவே சொல்லித்தரப்பட்டன. இவற்றைத் தனியே எடுத்து ஒரு பாடமாக ஆக்கியது பிந்திய தலைமுறை.

1916ஆம் ஆண்டு தேசியப் பாதுகாப்புச் சட்டம், உயர்நிலைப் பள்ளி மாணவருக்கான இளையோர் படைப்பயிற்சித் திட்டத்துக்கு அடித்தளம் இட்டது. குடிமக்கள் குறிசுடும் பயிற்சிக்கென ஓர் அரசு அலுவலகமும் அவ்வாண்டு ஏற்பட்டது. நியூயார்க் மாநிலம் அதே ஆண்டில் 16 முதல் 19 வயது வரையான சிறுவருக்குப் படைப்பயிற்சியைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது.

இரு போர்களுக்கு இடையே

வின்செஸ்டர் துப்பாக்கி நிறுவனம் 1917இல் தொடங்கிய இளையோர் ரைஃபிள் அணி, 1920களின் நடுவில் என்.ஆர்.ஏ.வின் பொறுப்புக்கு வந்தது. வாஷிங்டன் நகரின் உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் அணி ரைஃபிளோடு நிற்கும் 1920களின் ஒளிப்படங்கள் காங்கிரஸ் நூலகத் தொகுப்பில் உள்ளன. இக்காலத்துக்கும் இதை அடுத்து வந்த இருபது ஆண்டுகளுக்கும் சான்றாகப் பெரிதும் எடுத்தாளப்படுபவை தனிமனிதர்களின் நினைவுகளே. அவற்றுள் அடிக்கடி மேற்கோளாவது, உச்ச நீதிமன்ற நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா பின்னாளில் சொன்னது. பள்ளி அணியில் இருந்தபோது ரைஃபிளைக் கையில் ஏந்தி நியூயார்க் சுரங்க ரயிலில் போய்வந்ததாக அவர் கூறினார். அவர் படித்தது தனியார் பள்ளி. இருந்தும் பொதுப் பள்ளிகளைப் பற்றிய வாதங்களிலேயே இது எடுத்தாளப்படுகிறது.

வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு

பாதுகாப்பைத் தனிப் பாடமாக வகுத்தது வேட்டைத் துறை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் காடுகளுக்குள் இறங்கிய வேட்டையாடிகளின் தொகை பெருகியது. மானென்று எண்ணி மனிதரைச் சுட்ட விபத்துகள் மாநில அரசுகளுக்குத் தலைவலியாயின. கென்டக்கி 1946இல் இளையோர் முகாம்களில் இதற்கான பயிற்சியைத் தொடங்கியது. நியூயார்க் 1949இல், இளம் வேட்டையாடிகள் உரிமம் பெறும் முன் பயிற்சி பெற வேண்டும் எனச் சட்டம் செய்தது; அப்பயிற்சியை வகுத்துக்கொடுத்தது என்.ஆர்.ஏ. இவ்விரண்டில் எது முதலாவது என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. விருப்பப் பயிற்சியை எண்ணினால் கென்டக்கியும், சட்டக் கட்டாயத்தை எண்ணினால் நியூயார்க்கும் முந்துகின்றன. மின்னசோட்டா 1955இல் தன் திட்டத்தைத் தொடங்கியது. பிற மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. இன்று எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் வேட்டைக் கல்வி உண்டு.

இதற்குப் பணம் வந்த வழி சுவையானது. 1937 செப்டம்பரில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், நீள்துப்பாக்கிகள், தோட்டாக்கள் ஆகியவற்றின் மீதான வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது. 1970இல் கைத்துப்பாக்கிகளின் மீதான 10 விழுக்காட்டு வரியும் அதில் சேர்ந்தது. அவ்வருவாயில் பாதியை வேட்டைக் கல்விக்கும் சுடும் களங்களுக்கும் மாநிலங்கள் செலவிடலாம் என்று வகை செய்தார்கள். துப்பாக்கி விற்பனை கூடக்கூட அதைக் கையாளும் பாடத்துக்கான நிதியும் கூடும். பிற பாடங்கள் நிதிக்குத் திண்டாடும் ஊர்களில்கூட இது தடையின்றி நடந்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

பாடம் பள்ளியின் சொந்தப் பாடமாக இருந்தது குறைவு. மேற்கு, நடுமேற்கு மாநிலங்களின் சிற்றூர்களில், மாநில வனவிலங்குத் துறையிடம் பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவர் மாலையிலோ உடற்கல்வி வேளையிலோ பள்ளிக் கட்டடத்தில் வகுப்பெடுப்பார். பல இடங்களில் அந்தத் தன்னார்வலர் அதே பள்ளியின் ஆசிரியர். மாணவர்கள் பெரும்பாலும் 11, 12 வயதினர். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இடப்பட்டதாகவே கருத வேண்டும் என்பது முதல் பாடம். இலக்கையும் இலக்குக்கு அப்பால் இருப்பதையும் உறுதியாக அறியாமல் சுடக் கூடாது என்பது அடுத்தது. உடன் வருபவர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அதற்கேற்பத் துப்பாக்கியைச் சுமக்கும் முறைகள், எடுப்பான ஆரஞ்சு நிற மேலாடையின் தேவை, மரத்தில் கட்டிய பரணில் ஏறும்போது துப்பாக்கியைக் கயிற்றில் கட்டிப் பின்னர் இழுத்துக்கொள்ளும் பழக்கம் எனப் பாடம் விரியும்.

வேலி தாண்டும் பாடம் இவற்றில் தனித்துக் குறிப்பிடத்தக்கது. முதலில் தோட்டாவை எடுத்துவிட வேண்டும். துப்பாக்கியை வேலிக்கடியில், குழல் தன்னை நோக்காதபடி தரையில் கிடத்தி மறுபக்கம் தள்ள வேண்டும். பின் சற்று விலகிப்போய் வேறிடத்தில் வேலியேறி இறங்கி வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இருவர் என்றால் ஒருவர் தாண்டும்வரை மற்றவர் இரண்டையும் வைத்திருப்பார். வகுப்பறையில் இரண்டு நாற்காலிகளுக்கிடையே கயிறு கட்டி, மரத் துப்பாக்கியால் இதைச் செய்து பார்க்கச் சொல்வது வழக்கம். எழுத்துத் தேர்வும், பல மாநிலங்களில் களத்தில் ஒருநாள் செயல்தேர்வும் முடித்தவருக்குச் சான்று அட்டை தரப்படும்.

வேட்டை விபத்துகள் 1960களுக்குப் பின் தொடர்ந்து குறைந்தன என்பதை மாநிலத் துறைகளின் கணக்குகள் காட்டுகின்றன. குறைவுக்குக் காரணம் பயிற்சியா, ஆரஞ்சு மேலாடைச் சட்டங்களா, வேட்டையாடுவோர் தொகையே சுருங்கியதா என்பதைப் பிரித்தறிவது கடினம். மூன்றுக்கும் பங்குண்டு என்று கொள்வதே பொதுவான போக்கு.

எடி ஈகிள்

1980களில் கவனம் காட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பியது. தலையணைக்கடியிலும் மேசை இழுப்பறையிலும் வைத்த கைத்துப்பாக்கியைக் குழந்தைகள் எடுத்து விளையாடி, உடன்பிறந்தவரையோ நண்பரையோ சுட்டுவிட்ட செய்திகள் அடுத்தடுத்து வந்தன. வேட்டை வகுப்பின் ஒழுங்குகள் இங்கே பயன்படவில்லை. நான்கு வயதுக் குழந்தைக்குக் குழலை எந்தப் பக்கம் திருப்புவது என்று கற்பிக்க முடியாது.

ஃபுளோரிடாவில் என்.ஆர்.ஏ.வின் சார்பாகச் சட்டமன்றத்தில் வாதாடி வந்த மரியன் ஹாமர், 1988இல் 'எடி ஈகிள்' திட்டத்தை உருவாக்கினார். இவரே பின்னர் அச்சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். மழலையர் பள்ளி முதல் மூன்றாம், நான்காம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்கானது இது. எடி ஒரு கழுகு. உடையணிந்து நடமாடும் கேலிச்சித்திரப் பாத்திரம். அவன் சொல்வது நான்கே கட்டளைகள்: நில், தொடாதே, ஓடிவிடு, பெரியவரிடம் சொல். எடி ஒருபோதும் துப்பாக்கியைத் தொடுவதில்லை. துப்பாக்கி நல்லது என்றோ கெட்டது என்றோ அவன் சொல்வதும் இல்லை. நீச்சல்குளம், மின்சாரம், தீக்குச்சி போல வீட்டிலுள்ள ஓர் ஆபத்தாக மட்டும் துப்பாக்கி காட்டப்பட்டது. வண்ணம் தீட்டும் புத்தகம், ஒட்டுத்தாள், அசைபடம் எனப் பாடப்பொருள்கள் பள்ளிகளுக்கும் காவல் துறைகளுக்கும் சென்றன. 1990களில் வந்த அசைபடத்தைத் தொகுத்தளித்தவர் அப்போது இளையோரிடையே புகழ்பெற்றிருந்த தொலைக்காட்சி நடிகர் ஜேசன் பிரீஸ்ட்லி. தேசியப் பாதுகாப்பு மன்றம் 1993இல் ஹாமருக்கு விருது வழங்கியது. 2015இல் பாத்திரங்கள் புதுப்பிக்கப்பட்டு, எடிக்கு ஒரு பறவைத் தோழர் கூட்டம் சேர்ந்தது. மூன்று கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளை எட்டியதாகச் சங்கம் கூறுகிறது. அது தொடக்கம் முதல் கூட்டிவந்த எண்ணிக்கை.

எதிர்ப்பு இரு திசைகளிலிருந்து வந்தது. முதலாவது அரசியல் சார்ந்தது. வாஷிங்டனிலுள்ள வன்முறைக் கொள்கை மையம் 1997இல் வெளியிட்ட அறிக்கை, எடியைச் சிகரெட் விளம்பரத்தில் வந்த ஒட்டகப் பாத்திரத்துக்குச் சிறகு முளைத்த வடிவம் என்று பழித்தது. துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பொறுப்பைப் பெரியவர் தோளிலிருந்து குழந்தை தோளுக்கு இது மாற்றுகிறது, பாதுகாப்புச் சட்டங்களைத் தடுக்க உதவுகிறது என்பது அதன் குற்றச்சாட்டு. இதில் கவனிக்கத்தக்க ஒன்று: குழந்தைக்கு எட்டும்படி துப்பாக்கியை விட்டுவைத்த பெரியவரைத் தண்டிக்கும் முதல் மாநிலச் சட்டம் 1989இல் அதே ஃபுளோரிடாவில்தான் நிறைவேறியது. இத்தகைய சட்டங்கள் பின் பல மாநிலங்களில் வந்தன. கைத்துப்பாக்கி வன்முறைத் தடுப்பு மையமும் (பின்னாளைய பிரேடி அமைப்பு) தன் பங்குக்கு, சினத்தை அடக்குதல், தோழர் வற்புறுத்தலை மறுத்தல் ஆகியவற்றைச் சேர்த்து உயர்நிலை வகுப்பு வரை ஒரு பாடத்திட்டத்தைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. எடி அளவுக்கு அது பரவவில்லை.

சோதனைகள்

இரண்டாவது எதிர்ப்பு உளவியலாளர்களிடமிருந்து வந்தது. பாடம் நல்லதா கெட்டதா என்று அவர்கள் கேட்கவில்லை. பாடம் படித்த குழந்தை உண்மையான துப்பாக்கிக்கு முன் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். இவ்வரலாற்றில் மிக விரிவாகப் பதிவான பகுதி இதுவே. ஆய்வாளர்கள் நிமிடம் நிமிடமாகக் குறித்துவைத்திருக்கிறார்கள்.

உளவியலாளர் மார்ஜரி ஹார்டி 1996இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். காவல் அதிகாரி ஒருவர் மழலையரிடம் வந்து துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று பேசினார். பின்னர் அதே குழந்தைகளைப் பொம்மைகளும் செயலிழக்கச் செய்த துப்பாக்கியும் கிடக்கும் அறையில் விட்டு மறைவாகப் படமெடுத்தனர். பேச்சைக் கேட்டவர்களும் துப்பாக்கியை எடுத்து விளையாடினர். 2002இல் அவரே நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு வாரப் பாடம் நடத்தி மீண்டும் சோதித்தார். பாடம் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் நடத்தையில் வேறுபாடு தென்படவில்லை.

அட்லாண்டாவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வு இன்னும் கூர்மையாக வகுக்கப்பட்டது. 8 முதல் 12 வயது வரையான 64 சிறுவர்கள் 29 குழுக்களாக ஓர் அறைக்கு அனுப்பப்பட்டனர். ஒரு சுவர் ஒருபுறக் கண்ணாடி, மறுபுறம் ஆய்வாளர்கள். ஓர் இழுப்பறையில் தண்ணீர்த் துப்பாக்கிகள்; வேறோர் இழுப்பறையில் தோட்டா இல்லாத உண்மையான கைத்துப்பாக்கி. விசை சுடுவதற்குப் போதுமான வலுவோடு இழுக்கப்பட்டால் மறுபுறத்தில் அறிவிக்கும் கருவியை அதனுள் பொருத்தியிருந்தார்கள். கால் மணி நேரத்துக்குள் 21 குழுக்கள் கைத்துப்பாக்கியைக் கண்டுபிடித்தன. அவற்றுள் 16 குழுக்கள் எடுத்துக் கையாண்டன. 10 குழுக்களில் ஒருவராவது விசையை இழுத்தார். கண்டெடுத்த சிறுவரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது பொம்மையா உண்மையா என்ற தெளிவில்லை. கையாண்டவர்களிலும் விசையை இழுத்தவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், ஏதோ ஒரு வகைத் துப்பாக்கிப் பாதுகாப்பு அறிவுரை ஏற்கெனவே பெற்றதாகச் சொன்னார்கள். தம் பிள்ளைக்குத் துப்பாக்கியில் எவ்வளவு நாட்டம் என்று பெற்றோர் கணித்ததற்கும் பிள்ளை நடந்துகொண்டதற்கும் தொடர்பே இல்லை.

ரேமண்ட் மில்டன்பெர்கரும் அவருடைய மாணவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வுகள் வேறொரு வழியைத் திறந்தன. அவர்கள் எடி ஈகிள் பாடத்தையும், செய்துபார்த்துப் பழகும் நடத்தைப் பயிற்சியையும் ஒப்பிட்டனர். எடி பாடம் முடித்த குழந்தைகள் நான்கு கட்டளைகளையும் பிசகாமல் ஒப்பித்தனர். நடித்துக்காட்டச் சொன்னபோது பலர் தடுமாறினர். யாரும் பார்க்கவில்லை என்று எண்ணிய வேளையில் இன்னும் மோசம். நடத்தைப் பயிற்சி பெற்றவர்கள் நடிப்பில் தேறினாலும், தனியே விடப்பட்டபோது அவர்களில் சிலரும் தவறினர். பலன் தந்தது மூன்றாவது முறை: குழந்தை தவறும் அக்கணமே பயிற்சியாளர் அறைக்குள் நுழைந்து, அதே இடத்தில் மறுபடி மறுபடி செய்யவைத்தல். இது வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே ஒரு பெரியவரும், ஓர் அறையும், செயலிழந்த ஒரு துப்பாக்கியும் வேண்டும். முப்பது பேர் கொண்ட வகுப்பில் இதை எப்படி நடத்துவது என்ற கேள்வி அங்கேயே நின்றது.

இம்முடிவுகளை என்.ஆர்.ஏ. ஏற்கவில்லை. எடியின் வகுப்பு ஒருமுறை சொல்லிவிட்டுப் போவதன்று, ஆசிரியரும் பெற்றோரும் திரும்பத் திரும்ப நினைவூட்ட வேண்டியது என்பதும், 1988க்குப் பின் குழந்தைகளின் துப்பாக்கி விபத்து இறப்புகள் குறைந்துள்ளன என்பதும் அதன் வாதம். அக்குறைவு எடிக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது மறுதரப்பின் விடை. விபத்து இறப்பை வகைப்படுத்துவதிலேயே மருத்துவ அலுவலர்களிடையே ஒருமை இல்லாததால், இவ்வெண்களைக் கொண்டு எதையும் உறுதியாக நிறுவுவது எளிதன்று.

2023இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிராட் புஷ்மன் குழு வெளியிட்ட ஆய்வு சற்று நம்பிக்கை தருவது. 8 முதல் 12 வயது வரையான 226 குழந்தைகளில் ஒரு பகுதியினர், சீருடையணிந்த காவல் தலைவர் பேசும் ஒரு நிமிடக் காணொளியைப் பார்த்தனர். மற்றவர்கள் பார்த்தது கார்ப் பாதுகாப்புக் காணொளி. ஒரு வாரம் கழித்து இணை இணையாக ஆய்வகத்தில் விளையாடவிட்டபோது, துப்பாக்கிக் காணொளி பார்த்தவரில் மூவரில் ஒருவர் கண்டெடுத்ததைப் பெரியவரிடம் சொன்னார். மற்றவரில் அப்படிச் சொன்னது பத்தில் ஒருவர்தான். விசையை இழுத்தவர் தொகையும் வெகுவாகக் குறைந்தது. வயதில் மூத்த குழந்தைகள் என்பதும், ஒரே வார இடைவெளி என்பதும் இதை முந்தைய ஆய்வுகளோடு ஒப்பிடுவதைச் சிக்கலாக்குகின்றன.

பள்ளி வளாகத்தில் துப்பாக்கி

இதே காலத்தில் முதல் கிளை சுருங்கியது. 1990ஆம் ஆண்டுத் துப்பாக்கியற்ற பள்ளி வளையச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1995இல் லோபஸ் வழக்கில் செல்லாதென்றது. காங்கிரஸ் அடுத்த ஆண்டே திருத்தி மீண்டும் இயற்றியது. பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவரை ஓராண்டு நீக்க வேண்டும் என்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் நிதியுதவியின் நிபந்தனையாக்கியது. 1999இல் கொலம்பைன் பள்ளியில் நடந்த கொலைகளுக்குப் பின் மாவட்டங்களின் கடுமை கூடியது. பள்ளிகளின் நிலவறைகளில் இருந்த சுடும் கூடங்களை மூடியதில் சட்டத்துக்கு மட்டுமன்றி ஈயத் தூசுக்கும் பங்குண்டு. படைப்பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் காற்றழுத்த ரைஃபிளுக்கு மாறின. 2018இல் பார்க்லண்ட் பள்ளியில் 17 பேரைக் கொன்றவர் முன்பு அப்பள்ளியின் படைப்பயிற்சி ரைஃபிள் அணியில் இருந்தவர் என்பதும், அணிக்கு என்.ஆர்.ஏ. அறக்கட்டளையின் நல்கை கிடைத்திருந்ததும் தெரியவந்தன. ப்ரவார்டு, டென்வர் மாவட்டங்கள் அந்நல்கையை மறுத்தன.

இதற்கு நேர்மாறான போக்கும் உண்டு. மின்னசோட்டாவில் தோன்றிய உயர்நிலைப் பள்ளிக் களிமண் தட்டுச் சுடும் கழகம் பிற மாநிலங்களுக்கும் பரவியது. பாதுகாப்புச் சான்று பெற்ற மாணவரே அதில் சேரலாம். போட்டிகள் பள்ளிக்கு வெளியே சுடும் களங்களில் நடக்கும்.

சட்டங்கள்

அரிசோனா 2005இல் உயர்நிலைப் பள்ளிகளில் குறிசுடுதலும் பாதுகாப்பும் சேர்ந்த விருப்பப் பாடத்துக்கு இடமளித்தது. வர்ஜீனியா 2010இல், எடி ஈகிளை ஒட்டிய தொடக்கப்பள்ளி வழிகாட்டியைத் தயாரிக்கும்படி தன் கல்வி வாரியத்தைப் பணித்தது. மாவட்டங்கள் விரும்பினால் பின்பற்றலாம். மிசூரியில் முதல் வகுப்புக்குக் கட்டாயமாக்க முனைந்த மசோதா, 2013இல் ஊக்குவிப்பு என்ற அளவில் மென்மையாக்கப்பட்டு நிறைவேறியது.

2022ஆம் ஆண்டு இருகட்சிச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒரு விதியை, கூட்டரசின் குறிப்பிட்ட கல்வி நிதியைப் பள்ளிகளின் வேட்டை, வில்வித்தை வகுப்புகளுக்குத் தர முடியாது என்று கல்வித் துறை பொருள்கொண்டது. எதிர்ப்பு உடனே எழுந்தது. திருத்தச் சட்டம் பிரதிநிதிகள் அவையில் 424க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறி, 2023 அக்டோபரில் பைடனின் கையொப்பம் பெற்றது. துப்பாக்கி தொடர்பான எதிலும் அந்த அவையில் இத்தகைய ஒற்றுமை அரிது.

குழந்தையிடம் அன்றிப் பெற்றோரிடம் பேசும் வழியும் இக்காலத்தில் வலுப்பெற்றது. வீட்டில் துப்பாக்கி இல்லாதிருப்பதே சிறந்த காப்பு, இருந்தால் தோட்டாவின்றிப் பூட்டி வைக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் நெடுநாள் நிலை. 2020இல் ஒன்று முதல் 19 வயது வரையானோரின் இறப்புக் காரணங்களில் துப்பாக்கி முதலிடத்துக்கு வந்தது. சாலை விபத்தை அது முந்திய முதல் ஆண்டு அது. அவ்விறப்புகளில் பெரும்பாலானவை கொலையும் தற்கொலையுமே. விபத்து சிறு பங்குதான். இழுப்பறையில் கண்ட துப்பாக்கியைத் தொடாதே என்னும் பாடம் இந்தச் சிறு பங்கைப் பற்றியது என்பது விவாதங்களில் பல வேளை மறக்கப்படுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி வாரியம் 2019இல், பூட்டிவைக்கும் கடமையைப் பெற்றோருக்கு நினைவூட்டும் தீர்மானம் நிறைவேற்றியது. 2022இல் கலிஃபோர்னியா மாநிலம் முழுவதற்கும் அத்தகைய ஆண்டு அறிவிப்பு சட்டமாயிற்று.

நாஷ்வில் நகரின் தனியார் பள்ளியொன்றில் 2023 மார்ச்சில் மூன்று குழந்தைகளும் மூன்று பெரியவர்களும் கொல்லப்பட்டதற்கு மறு ஆண்டு, டென்னசி மாநிலம் பொதுப் பள்ளிகளில் ஆண்டுதோறும் துப்பாக்கிப் பாதுகாப்பைக் கற்பிக்க வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. 2025–26 கல்வியாண்டு முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆர்கன்சா, யூட்டா மாநிலங்களும் 2025இல் ஒத்த சட்டங்களை நிறைவேற்றின. டென்னசியில் வகுப்பில் உண்மையான துப்பாக்கியோ தோட்டாவோ பயன்படுத்தக் கூடாது. துப்பாக்கி உரிமை பற்றிய அரசியல் கருத்து பாடத்தில் கூடாது. கட்டளைகள் நான்குதான், எடியின் கட்டளைகளுக்கு மிக நெருங்கியவை. பெற்றோர் வேண்டினால் பிள்ளைக்கு விலக்குத் தர யூட்டா சட்டம் இடமளிக்கிறது. டென்னசி சட்டத்தில் அதற்கு இடமில்லை.